எங்களுக்கு ஒரு குறையும் இல்லை

"உந்த வாசகத்தை நீர் வாசிக்கப் போறீரோ? பிழைவிட்டால் சனம் சிரிக்கும், பிள்ளை. தெரிஞ்ச ஆள் ஒராளை விடுவம்."

அப்போது எனக்குப் பதினேழு வயது. வெள்ளவத்தை ஆலயத்தின் வாசிப்பு மேடைக்குக் கீழே, வேதாகமத்தில் விரல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கொட்டாஞ்சேனைச் சபையிலிருந்து ஒருவர் வெள்ளவத்தைக்கும் வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கொட்டாஞ்சேனைக்கும் மாறிப் போய் வாசிப்பது என்று ஃபாதர் ஏற்பாடு செய்த முதல் ஞாயிறு. என்னிடம் அப்படிச் சொன்னவர் வெள்ளவத்தைச் சபையின் வார்டன், ஆலய நிர்வாகப் பொறுப்பாளர். மடிப்புக் கலையாத கைத்தறிச் சேலை, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் ஆலயத்துச் சாவிக்கொத்து. அவருடைய சபையில் எல்லோருக்கும் அவர் அன்ரி. எங்கள் பக்கத்தில் வார்டனம்மா.

"நான் வாசிப்பேன்" என்றேன். மேடையில் ஏறி வாசித்தேன். ஒரு எழுத்தும் தவறவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் என் தோளைத் தட்டினார். "பரவாயில்லை. நாங்கள் தந்த டிக்ஷனரி வேலை செய்திருக்கு."

அவர் தந்தது ஆங்கில அகராதி. நான் வாசித்தது தமிழ்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் அந்த அகராதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தைத்தார். அளவுநாடாவில் உள்ள இலக்கங்களைத் தவிர வேறு எழுத்து தெரியாது. ஜெபப் புத்தகத்தை ஏதாவது ஒரு பக்கத்தில் திறந்து பிடித்தபடி ஆராதனை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லுவார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் அந்தத் தடித்த அகராதி வந்தபோது அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் பக்கத்தில் நீல முத்திரை: வெள்ளவத்தைச் சபையின் அன்பளிப்பு. நடுப் பக்கத்திலும் ஒரு முத்திரை. கடைசிப் பக்கத்திலும்.

அந்தப் புத்தகம் எனக்கு உதவியது. மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் கண்டாலும் அவர் என்னைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவார்: "இது எங்கட கொட்டாஞ்சேனைப் பிள்ளை. நாங்கள் படிப்பிச்சது." இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, விளக்கில்லாத ஒழுங்கையில் நடந்து படித்தவள் நான். அவருடைய வாக்கியத்தில் நான் ஒரு செயப்படுபொருள்.

எங்கள் இரண்டு சபைகளும் ஒரே ஃபாதரின் பொறுப்பில் இருந்தன. அதனால் இடையில் அரைக் கொழும்பு கிடந்தாலும் நாங்கள் அயல் சபைகள். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், டொக்டர்கள், வங்கியில் இருந்தவர்கள், அடுக்குமாடி வீடுகள், பிள்ளைகள் டொரொன்டோவில். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்து வேலைக்காரர்கள், தையல்காரிகள், கடைச் சிப்பந்திகள். ஒரே அறையில் ஆறு பேர். பிள்ளைகள் ஆலயம் நிறைய. அவர்களிடம் பொருள் இருந்தது, எங்களிடம் ஆள் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுச் சபை என்று ஃபாதர் சொல்லுவார். வார்டனம்மாவின் கணக்கு வேறு. கொடுக்கிற சபை ஒன்று, வாங்குகிற சபை ஒன்று. அந்த இரண்டும் ஒருநாளும் இடம் மாறக் கூடாது.

ஒவ்வொரு மார்கழியிலும் காரில் பெட்டிகளோடு வருவார். பழைய பாட்டுப் புத்தகங்கள், திரைச்சீலைகள், காது உடைந்த கோப்பைகள், யாரோ ஒரு டொக்டரின் கோட்டு. பெட்டிகள் இறங்கும்வரை மண்டபத்தில் நேராக நிற்பார். பெண்கள் தேநீர் கொண்டு வந்தால் ஒரே பதில்: "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்." தண்ணீரும் அப்படித்தான். சொந்தப் போத்தல் கைப்பையில் இருக்கும்.

ஒருமுறை கார் பழுதாகி, மெக்கானிக் வரும்வரை இரண்டரை மணி நேரம் எங்கள் மண்டபத்தில் உட்கார நேர்ந்தது. மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை. போத்தல் காலியாகிவிட்டது. எங்கள் பாடகர் குழுவை நடத்தும் கிரேன் மாமா ஒரு இளநீரைச் சீவிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். எவரிடமும் கூச்சப்படாமல் பேசுவார்.

"குடிங்கம்மா. இப்பதான் வெட்டுனது."

"வேண்டாம். எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"ஒட்டகம்கூட என்னைக்காவது தண்ணி குடிக்கும்மா."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காய்ந்த உதடுகளோடு கதவைப் பார்த்தபடி இருந்தார். இளநீர் மேசையில் கிடந்து, எறும்பு ஏறி, கடைசியில் கிரேன் மாமாவே அதைக் குடித்தார்.

நியாயமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். களனி கங்கை பெருகி எங்கள் தாழ்ந்த ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் வந்த வருஷம், முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோற்றுப் பார்சல்களோடு முதலில் வந்தவர் அவர்தான். வேறு எந்தச் சபையிலிருந்தும் யாரும் அன்று வரவில்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லுவார். "அவங்க மனசு கெட்டவங்க இல்ல புள்ள. தண்ணிக்குள்ள எறங்குனாங்களே." நான் சொல்லுவேன்: இறங்கினார், பார்சலைக் கொடுத்தார், அதற்குப் பிறகு கால் கழுவ நீங்கள் கொடுத்த வாளித் தண்ணீரைத் தொடாமல் அந்தச் சேற்றோடுதானே காரில் ஏறினார்?



வார்டனம்மாவின் உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்து நான் பார்த்தது ஒரே இடத்தில்தான். திருவிருந்தில். பீடத்துக்கு முன் முழந்தாளிட்டு, இடது கைமேல் வலது கையை வைத்து அப்பத்தை வாங்குவார். அதுவும் ஃபாதரின் கையிலிருந்து. இருபத்தொரு வயதில் எனக்குத் திருவிருந்தில் திராட்சைரசக் கிண்ணம் ஏந்தும் அனுமதி கிடைத்தது. பயிற்சி எடுத்து, எழுத்துச் சோதனை எழுதிப் பெற்றது. வெள்ளவத்தையில் முதன்முதலாகக் கிண்ணத்தோடு நான் வரிசையில் நகர்ந்து அவரிடம் வந்தபோது, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். நான் அடுத்தவரிடம் போனேன். 

இதுவரை சொன்னதெல்லாம் என் மானத்தோடு சம்பந்தப்பட்டது. நாட்டில் எரிவாயு இல்லாமல் போன வருஷம் நடந்தது அப்படியல்ல.

அந்த மாதங்களில் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் அடுப்பு எரியவில்லை. ஆறாம் மாடியில் விறகடுப்பு வைக்க முடியாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மண்டபத்துக்குப் பின்னால் முற்றம் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து உடைந்த மரப்பலகைகள் கிடைத்தன. நாங்கள் பெரிய கிடாரங்களில் சமைத்தோம். வெள்ளவத்தைச் சபையில் தனியாக இருக்கும் வயோதிபர்கள் எத்தனை பேர் என்று ஃபாதரிடம் கேட்டு, நாற்பது பார்சல் கட்டி, கிரேன் மாமாவும் நானும் ரயிலில் கொண்டு போனோம். சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல், சம்பல். சூடு ஆறாமல் இருக்கப் பழைய சேலைகளில் சுற்றியிருந்தோம்.

வார்டனம்மா ஆலயத்துக் கேற்றில் நின்றார். கேற்றைத் திறக்கவில்லை.

"உதுகளை ஏன் இவ்வளவு தூரம் சுமந்து வந்தனீங்கள்? எங்கட ஆக்களுக்கு ஒரு குறையும் இல்லை."

"வீட்ல சமைக்க முடியாதவங்க இருக்காங்கன்னு ஃபாதர் சொன்னாரும்மா" என்றார் கிரேன் மாமா.

"ஃபாதருக்கு என்ன தெரியும்? கொண்டுபோய் உங்கட பக்கத்துச் சனத்துக்குக் குடுங்கோ. அதுகள் பாவம்."

நாற்பது பார்சலையும் திரும்பச் சுமந்தோம்.  பல மாதங்களுக்குப் பிறகு, அதே சபையின் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த நேரம் மனுசிக்கும் எனக்கும் கடைப் பாணும் வாழைப்பழமும்தான், பிள்ளை. ஒன்பது நாள். சோறு கண்ணிலை காணேல்லை." அவருடைய வீடு அந்தக் கேற்றிலிருந்து மூன்றாவது கட்டடம்.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் இருந்த கோபம் வேறு வகையானது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவர் அகதி முகாமில் தட்டோடு வரிசையில் நின்றவர், அதனால்தான் இப்படி என்று ஃபாதர் ஒருமுறை சொன்னார். இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் தட்டோடு நிற்காதவர் யார்?

பிறகு பேராயரிடமிருந்து கடிதம் வந்தது. அயல் சபைகள் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் விதத்தைப் புதிதாக யோசிக்க வேண்டும். ஒவ்வொரு சபையும் ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டு, எதைக் கொடுக்க முடியும், எது தேவை என்று எழுத வேண்டும். இரண்டு தாள்களையும் வைத்துத்தான் இனிப் பொதுத் திட்டம். வெள்ளவத்தை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எங்கள் தாளை நான் எழுதியிருந்தேன். கொடுக்கக்கூடியது: பாடகர்கள் பதினொரு பேர், ஞாயிறு பாடசாலைக்கு மூன்று ஆசிரியைகள், தையல், சமையல், நோயாளிகளைப் பார்க்கப் போக ஆட்கள். தேவை: கூரை, புத்தகங்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலம்.

வார்டனம்மா தன் தாளை வாசித்தார். கொடுக்கக்கூடியது பன்னிரண்டு வரி. தேவை என்ற நிரலில் மேலிருந்து கீழாக அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டிருந்தார்.

"தேவை ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார் ஃபாதர்.

"இல்லை, ஃபாதர்."

"உங்க கொயர்ல இப்ப மூணு பேருதானேம்மா" என்றார் கிரேன் மாமா. "நாங்க வந்து பாடுறோம். சும்மா வாறோம்."

"எங்களிட்டை ஓர்கன் இருக்கு."

"ஓர்கன் வாய் தொறந்து பாடுமா?"

அவருடைய சபையார் இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தலை குனிந்தார்கள். அவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். திட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பக்கம் கொடுப்பதும் மறுபக்கம் வாங்குவதுமாக இருந்தால் அது பழையதுதானே என்று பேராயர் அலுவலகம் தாளைத் திருப்பி அனுப்பியது.

அதைக் கேள்விப்பட்ட அம்மாதான் ஒரு யோசனை சொன்னார். "அவங்க பீடத்துத் துணிய பாத்தியா? நாலு எடத்துல தச்சிருக்கு. கேட்டாத்தானே வேணாம்பாங்க. கேக்காம குடுப்போம்." அடுத்த முறை வெள்ளவத்தைக்குப் போனபோது, பீடத்தைத் துடைப்பதுபோலக் குனிந்து, அளவுநாடாவால் நீளமும் அகலமும் எடுத்தார். எழுதத் தெரியாது, இரண்டு எண்களையும் ரயிலில் வீடு வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஐந்து பெண்கள் வேலை முடிந்து வந்த மாலைகளில் எங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். வெள்ளை லினன். ஓரத்தில் வெள்ளை நூலாலேயே திராட்சைக் கொடி. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கொடி தெரியும். மூன்று மாதம் பிடித்தது.

உயிர்த்த ஞாயிறன்று இரண்டு சபைகளும் சேர்ந்த ஆராதனையில் அம்மாவே அதை அவரிடம் கொடுத்தார். ஃபாதர் பக்கத்தில் நின்றார், மறுக்க முடியவில்லை. "தாங்க்ஸ்" என்றார், அம்மாவைப் பார்க்காமல். துணி, பீடத்துப் பொருள்கள் வைக்கும் வெஸ்ட்ரி அறை அலமாரிக்குள் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வெள்ளவத்தைக்குப் போகும்போதும் அம்மா முதலில் பீடத்தைத்தான் பார்ப்பார். அதே நாலு தையல் போட்ட பழைய துணி. "பெருநாளுக்குன்னு வச்சிருப்பாங்க" என்பார்.

மார்கழியில் வழக்கம்போலப் பெட்டிகள் வந்தன. இரண்டாவது பெட்டியை அம்மாதான் பிரித்தார். ஒரு மின்சாரக் கேத்தல், குழந்தைச் சட்டைகள், அதன் கீழே பாலித்தீன் பையில் மடித்த வெள்ளைத் துணி. பையில் நீல முத்திரை: வெள்ளவத்தைச் சபையின் அன்பளிப்பு.

 அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் பீடத்தில் விரித்துப் பார்த்தார். எங்கள் பீடம் சிறியது. இரண்டு பக்கமும் துணி தரையில் கிடந்தது.

வார்டனம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மறந்திருப்பார் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். நானும் அதை நம்ப விரும்பினேன். மறுநாள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அவர் வெஸ்ட்ரியில் மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். துணியை மேசையில் வைத்தேன்.

"இது எங்கம்மா தச்சது. நீங்க தெரியாம அனுப்பிட்டீங்கன்னு நினைக்கிறேன்."

அவர் கண்ணாடியை மாட்டி, துணியைத் திருப்பிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரிஞ்சுதான் அனுப்பினனான்."

"ஏன்?"

"நல்ல துணி, பிள்ளை. எங்களிட்டை இருந்து என்ன? உங்களுக்குத்தான் தேவை."

"எங்க பீடத்துக்கு அளவு சரியில்ல. உங்க பீடத்துக்குத்தான் அளவெடுத்தாங்க."

"அப்ப வெட்டித் தையுங்கோ. உங்கட அம்மாவுக்குத் தெரியாத தையலே?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. பாராட்டுகிற குரல். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. நான் அவரிடம், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரியவரிடம், குரலை உயர்த்திச் சொன்னேன்: "உங்களுக்கு நாங்க ஏழையா இருக்கணும். அதுதான் உங்க தேவை. அந்த நிரல்ல அத எழுதியிருக்கணும்."

அவர் கடைசி மெழுகுதிரியை வைத்து அலமாரியைப் பூட்டினார். "நீர் நல்லாப் படிச்சிட்டீர்" என்றார். முதல் தடவையாக, நாங்கள் படிப்பிச்சது என்று சொல்லவில்லை.

துணியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அம்மா அதை வெட்டவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, அகராதிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இது நடந்து ஒன்றரை வருஷம். வார்டனம்மா இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் கிடந்துவிட்டு, ஆறாம் மாடி வீட்டுக்குள் ஒரு கட்டிலோடு இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு தாதியை ஒழுங்கு செய்திருக்கிறார். சாவிக்கொத்து அந்தக் கணித ஆசிரியரிடம் போயிற்று. அவர் புது வார்டன் ஆனதும் செய்த முதல் வேலை, அந்தத் தாளைத் திரும்பத் தட்டச்சு செய்ததுதான். தேவை என்ற நிரலில் ஏழு வரி. முதல் வரி: எழும்ப முடியாதவர்களின் வீடுகளுக்குத் திருவிருந்து கொண்டு போக ஆட்கள். கிரேன் மாமாவின் பதினொரு பேர் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு வெள்ளவத்தையில் பாடுகிறார்கள். வெள்ளவத்தையின் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் சனிக்கிழமைகளில் எங்கள் மண்டபத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள். அவர்கள் தேநீர் குடிக்கிறார்கள், சீனி கூட என்று குறையும் சொல்லுகிறார்கள்.

வீடுகளுக்குப் போகிறவர்களின் பட்டியல் இரண்டு வெஸ்ட்ரியிலும் தொங்குகிறது. ஃபாதர் பீடத்தில் ஆசீர்வதித்த அப்பத்தையும் ரசத்தையும் சிறிய பெட்டியில் எடுத்துப் போய்க் கொடுக்க, அனுமதி பெற்றவர்கள் தங்கள் பெயரை எழுத வேண்டும். ஒரு வாரத்தில் எல்லா வீடுகளுக்கும் பெயர் விழுந்தது, ஒன்றைத் தவிர.

"நான் அங்க போகல" என்றார் கிரேன் மாமா. "இளநிக்கே அந்தப் பாடு."

நான் பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். பிறகு தொலைபேசியில் அழைத்தேன். தாதி ரிசீவரை அவர் காதில் வைத்திருக்க வேண்டும்; மூச்சு முதலில் கேட்டது.

"ஆர்?"

சொன்னேன். வியாழக்கிழமை பத்து மணிக்குத் திருவிருந்து கொண்டு வருவதாகச் சொன்னேன்.

"ஃபாதர் வரேல்லையோ?"

"இல்ல. நான் மட்டும்தான்."

 கீழே காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்களின் ஹோர்ன் சத்தம் அவர் பக்கத்திலிருந்து வந்தது. அவர் மறுத்தால் மறுக்கட்டும், நான் படியேறுவது ஏறுவதுதான் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"லிஃப்ட் வேலை செய்யேல்லை" என்றார்.

"பரவாயில்ல. ஏறி வாறேன்."

போனை வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்று வியாழக்கிழமை. கோட்டை ரயில் நிலையத்தில் வெள்ளவத்தைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு மேடையில் நின்று இதை எழுதி முடிக்கிறேன். பையில் ஃபாதர் தந்த சிறிய பெட்டி இருக்கிறது. அதற்கு மேல் அம்மா அந்தத் துணியை வைத்திருக்கிறார், வெட்டாமல், எட்டாக மடித்து. மடித்தபடியே அவருடைய கட்டிலோரத்து மேசையில் விரித்தால் அளவு சரியாக இருக்குமாம்.